‘வைகை மணல்’ என்று எழுதிய சீட்டு

இடது கன்னத்தைச் சிரைத்து முடித்து வலது கன்னத்தில் ரேசரை வைக்கப்போன நேரத்தில்தான் வாசலில் அமலதாஸின் குரல் கேட்டது. பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்ன ஆள் ஒன்பதேகாலுக்கு ஏன் வர வேண்டும்? சௌந்தரபாண்டியன் ரேசரைத் தூக்கிப் பிடித்தபடியே கண்ணாடி முன்னால் நின்றார். முப்பது வருடப் பழக்கத்தில் இந்த மனிதன் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்ததே கிடையாது. கொற்கைக்குப் போன அன்று காலை முதல் பஸ்ஸைத் தவறவிட்டது யாரால்? இவனால்தான். கொடுமணலுக்குப் போன அன்று வெயில் ஏறிய பிறகு போய் இறங்கியதும் இவனால்தான். அப்படிப்பட்டவன் முக்கால் மணி நேரம் முன்னதாக வருகிறான் என்றால், அந்த முக்கால் மணி நேரத்தில் அவனுக்கு ஏதோ காரியம் இருக்கிறது. “வாங்கண்ணே, அவுக சேவ் பண்ணிக்கிட்டு இருக்காக, உள்ள உக்காருங்க” என்றாள் மனைவி வடிவு. உள்ளே என்றால் எந்த உள்ளே? செருப்பைக் கழற்றுகிற சத்தம், பிறகு நடை, ஹாலைத் தாண்டியும் நிற்காத நடை. நாற்காலியை இழுக்கிற சத்தம் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே வந்தது. காசு அறை! அவர் பழங்காசு சேர்த்து வைத்திருக்கிற அறை. இவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், நான் இல்லாதபோது யாரையும் அந்த அறையில் உட்கார வைக்காதே என்று. யாரையும் என்று சொன்னாரே ஒழிய, அமலதாஸையும் என்று அவர் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? அண்ணனைக் கூடவா என்று கேட்பாள். காசுத் தட்டு வேறு மேசையிலேயே திறந்து கிடக்கிறது, காலையில் எடை போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து வந்தது. தராசும் பக்கத்திலேயே இருக்கும். அந்தத் தராசைப் பார்த்தாலே அவனுக்கு விளங்கிவிடும்.

இப்படியே வெளியே போய்விடலாம்தான். தோளில் துண்டு, அரை முகத்தில் நுரை, கையில் ரேசரோடு போய் நின்றால் என்ன நினைப்பான்? வீட்டுக்கு வந்த ஆளை வா என்று கேட்க இப்படியா ஓடி வருவார்கள் என்று நினைப்பான். முப்பத்தைந்து வருடம் தபால் ஆபீஸில் கோணல்மாணலான விலாசங்களைப் படித்துப் படித்துத் தள்ளியவன், ஒரு மனுஷன் முகத்தைப் படிக்க அவனுக்கு எவ்வளவு நேரமாகும்? ஓடிப் போய் நின்றால், உன்னை நான் சந்தேகப்படுகிறேன் என்று வாயால் சொன்ன மாதிரிதான். அதற்கப்புறம் முப்பது வருடமும் போச்சு. போகாமல் இருந்தால் காசு போச்சு. சௌந்தரபாண்டியன் குழாயை இறுக்கி மூடினார். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. இப்போது அந்தப் பக்கம் விசிறி சுற்றுவது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் இருமுவான், பேப்பரைப் புரட்டுவான், காலை ஆட்டுவான். ஒன்றும் கேட்கவில்லை என்றால் கையால் ஏதோ செய்துகொண்டிருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

தட்டில் நாற்பத்தோரு காசுகள். பச்சைத் துணி ஒட்டிய பலகையில் வட்டம் வட்டமாகக் குழி வெட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு காசு, காசுக்கு அடியில் ஒரு சீட்டு. சீட்டில் இடத்தின் பெயர், போய்வந்த தேதி. இது இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டம். காலை வைக்காத இடத்துக் காசைக் கையால் தொடக் கூடாது. யாரோ தோண்டி யாரோ விற்று தபாலில் வருகிற காசை வாங்கி வைக்கிறவன் வியாபாரி என்பான் அமலதாஸ். அந்த ரோமாபுரிக் காசு கப்பலில் வந்து இறங்கிய மண்ணை நீ மிதித்திருக்க வேண்டும், அங்கே ஒரு இடிந்த செங்கல் சுவரையாவது நீ பார்த்திருக்க வேண்டும், அப்புறம்தான் அது உன் காசு. அதற்காக அரிக்கமேடு, காவிரிப்பூம்பட்டினம், மலையாளத்துப் பட்டணம் என்று இரண்டு பேரும் வெயிலில் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? பையன் புண்ணியத்தில் ரோமாபுரிக்கே போய்வந்தவர் சௌந்தரபாண்டியன். சுற்றுலாக் கம்பெனிக்காரன் கூடவே சமையல்காரனையும் கூட்டி வந்திருந்தான், இடிந்த தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்து தயிர்சாதமும் நார்த்தங்காயும் சாப்பிட்டுவிட்டு வந்தார். காசு எதுவும் வாங்கி வரவில்லை, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மைதான் வாங்கி வந்தார். அமலதாஸ் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இதுக்கும் ஒரு சீட்டு எழுதி வை என்றான். எல்லாம் சிரிப்புத்தான். எல்லாவற்றுக்கும் இவனிடம் ஒரு சிரிப்பு இருக்கிறது. சிரிக்கிறவனை நம்பிவிடுகிறோம், அதுதான் இவனுக்கு வசதி.

மூன்றாம் வரிசை, ஐந்தாம் குழி. மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இவன் அதைத்தான் எடுத்தான். நாற்பத்தோரு காசு இருக்க அதை ஏன் எடுத்தான்? செம்புக் காசு, சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஆனால் முகம் அவ்வளவு தெளிவு. தலையில் முத்துப் பட்டை, முத்தெல்லாம் கடுகு கடுகாக எண்ணிவிடலாம், மூக்கு, காது, கழுத்துக்குக் கீழே அங்கியின் மடிப்பு. பெயர் பாதி தேய்ந்துவிட்டது, எந்த ராஜா என்று தெரியாது. அந்தக் காசை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பி, எவ்வளவு நேரம்! காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் கேட்டான், “இது வைகையில எடுத்ததா பாண்டியா?” சௌந்தரபாண்டியன் ஆறிய காபியை நகர்த்தி வைத்தார். “ஆமா, அதான் சீட்டுல எழுதியிருக்கே” என்றார். சீட்டில் எழுதித்தான் இருக்கிறது, மதுரை, வைகை மணல், 2003 என்று அவர் கையாலேயே. அதைப் பற்றி இப்போது எதற்கு. அவன் காசைக் குழியில் வைத்தான். அதே காசை வைத்தானா? அவன் போன பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தால் காதுக்குக் கீழே ஒரு வடு, பொடி வடு. அது முன்னால் இருந்ததாக ஞாபகமில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தார். ஒரு கிராம் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருந்தது. தராசில் வைத்தார். ஒரு கிராம் எண்பத்தெட்டு. அன்றிலிருந்து தினம் காலையில் பல் விளக்கியதும் எடை போடுவதே வேலையாகிவிட்டது. கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாலும் எண்பத்தெட்டுத்தான். கிராமில் நூற்றில் நான்கு, நான்கு புள்ளி குறைகிறது. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்த மனுஷனுக்கு நான்கு புள்ளி என்பது சும்மா இல்லை. நான்கு அங்குலத்துக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டதை வரப்பில் நின்று பார்த்திருக்கிறார்.

டக். சௌந்தரபாண்டியனின் கை ரேசரோடு நின்றது. மறுபடியும் டக், டக். செம்பு கண்ணாடியில் படுகிற சத்தமா, நகம் செம்பில் படுகிற சத்தமா? மேசைமேல் கண்ணாடி போட்டிருக்கிறது. ஒன்றை எடுத்து வைக்கிறான், இன்னொன்றை எடுக்கிறான். எப்படி மாற்றுவான் என்று நினைக்க நினைக்க, அவன் கை அப்படியே கண்முன்னால் தெரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காசை எடுக்கும், எடுத்ததைப் புரட்டி உள்ளங்கைக்குத் தள்ளும், மோதிரவிரல் மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளும், அதே நேரம் மற்ற கையிலிருந்து இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. உள்ளங்கையில் இருக்கிற செம்பு முதலில் குளிரும், பிறகு வேர்வையில் சூடாகிவிடும். ச்சே, என்ன மனம் இது! வடிவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவன் இந்த அமலதாஸ். ரத்தம் கொடுத்தவன். பையன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவன். அவனைப் போய். ஆனால் ரத்தம் கொடுப்பது வேறு, காசு வேறு. காசு சேர்க்கிறவனுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் மனசாட்சி வேலை செய்யாது, அது சௌந்தரபாண்டியனுக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் வடிவு காபி கொண்டுபோய் வைத்தாள். “சீனி போடலண்ணே.” “நல்லாருப்ப தங்கச்சி.” பிறகு ஏதோ தணிந்த குரலில் பேச்சு, ஒரு வார்த்தை பிடிபடவில்லை, கடைசியில் வடிவு “அய்யய்யோ” என்றாள். எதற்கு அய்யய்யோ? எடை போடுகிற கதையை இவள் உளறியிருப்பாளா? தினம் காலையில தராசக் கட்டிக்கிட்டு அழுகுறாரு அண்ணே என்று. சொல்லக்கூடியவள்தான். வயிற்றுக்குள் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

சீக்கிரம் முடித்துவிட்டு இயல்பாகப் போக வேண்டும், அதுதான் சரி. தாடையில் ரேசரை இழுத்தார். காதுக்குக் கீழே ஒரு முடி சுருண்டு கிடந்து பிளேடைப் பிடித்தது, இழுத்தார், சுருக்கென்றது. வெள்ளை நுரைக்குள் சிவப்பு ஊறி வந்தது. படிகாரக் கட்டியை நனைத்து வைத்தபோது எரிந்த எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டார். கட்டியை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார், காதுக்குக் கீழே பொடியாக ஒரு வெட்டு. காதுக்குக் கீழே. முள். எங்கிருந்தோ முள் ஞாபகம் வந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம், கரண்ட் இல்லாத ஒரு பிற்பகல், தோட்டத்து எலுமிச்சை முள்ளை ஒடித்து வந்து ஜன்னலடியில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் காசின் காது மடலில் அப்பியிருந்த மண்ணைக் கெல்லியது யார்? அவரேதான். ஊசியால் கெல்லினால் செம்பு கீறும் என்று முள்ளால் கெல்லினார். எத்தனையோ நூற்றாண்டு மண், கல்லாகக் காய்ந்திருந்தது. ஒரு துகள் விடாமல் கெல்லி எடுத்துத் தாளில் ஊதித் தள்ளினார். காதுக்கடியில் அந்த வடு அப்போதே தெரிந்தது, அடடா என்று சொல்லிக்கொண்டதுகூட இப்போது ஞாபகம் வருகிறது. எடை போட்டது அதற்கு முன்னால், சித்திரையில். மண்ணோடு சேர்த்துப் போட்ட எடை! சுத்தம் செய்த பிறகு மறுபடி போட வேண்டும் என்பது காசு சேர்க்கிற சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். அன்று கரண்ட் இல்லை, மின் தராசு வேலை செய்யவில்லை, அப்புறம் போடலாம் என்று விட்டது விட்டதுதான். நான்கு புள்ளி அமலதாஸ் சட்டைப் பையில் இல்லை. அவர் வாயாலேயே ஊதித் தள்ளிய மண்ணில் போயிருக்கிறது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் எடுக்கவில்லை என்றால், இத்தனை நேரம் கண்முன்னால் தெரிந்த அந்தக் கை யாருடையது? அமலதாஸின் கை கறுப்பு, விரல்களெல்லாம் குட்டை. மோதிரவிரலை மடக்கிக் காசைப் பிடித்த கை சிவப்பு, நீள விரல், மணிக்கட்டில் பழைய எச்.எம்.டி. வாட்ச். சௌந்தரபாண்டியன் குனிந்து ரேசர் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். பரமக்குடி பஸ் ஸ்டாண்ட். வேண்டாம் என்று ஒதுக்கி ஒதுக்கி இருபத்து மூன்று வருடமாகத் தள்ளி வைத்தது, படிகார எரிச்சலோடு வந்து நின்றது. 2001, பொங்கலுக்கு மறுநாள். அழகன்குளத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடற்கரையோரம் கருவாடு விற்ற ஒரு அம்மாள் வெற்றிலைப் பைக்குள்ளிருந்து இரண்டு செம்புக் காசை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றில் முகம் அப்படியே இருந்தது, இன்னொன்று முகம் தேய்ந்துபோன வழுக்கை. சண்டை வேண்டாம் என்று இரண்டையும் பேப்பரில் மடித்து அந்த அம்மாளையே குலுக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். அமலதாஸ் பிரித்தான், முகம். அவர் பிரித்தார், வழுக்கை. வெயிலில் தூக்கிப் பிடித்து முத்தை ஒவ்வொன்றாக எண்ணினான் அமலதாஸ், பதினொண்ணு பாண்டியா, பதினொண்ணு என்று குதிக்காத குறை. பரமக்குடியில் பஸ் நின்றது. மேல்பை ஓட்டை, குனிந்தால் விழுந்துவிடும், இதையும் நீயே வச்சிரு, டீ வாங்கிட்டு வர்றேன் என்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினான். அவன் டீக்கடைக்குப் போய்த் திரும்புகிற நேரம்தான். பேப்பரைப் பிரித்து, மாற்றி மடித்து, அவ்வளவுதான். அவன் இரண்டு கையிலும் இரண்டு கிளாஸோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, இந்தா, உனக்கு இஞ்சி போட்டது என்று நீட்டினான். அந்த டீயையும் அவர் குடித்தார். இரண்டு வருடம் காசை பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் தைரியம் வந்து சீட்டு எழுதினார். அழகன்குளம் என்று எழுத முடியுமா? வைகை மணல் என்று எழுதினார். நாற்பத்தோரு சீட்டில் அது ஒன்றுதான் பொய். மூன்று ஞாயிறாக அவர் பயந்தது திருட்டுக்கு அல்ல. அவன் தன் காசை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று பயந்தார். இப்போது அவன் எடுக்கவில்லை. அப்படியானால் தெரிந்துகொண்டே எடுக்காமல் வைத்தானா? அது இன்னும் மோசம்.

கதவைத் திறந்துகொண்டு காசு அறைக்கு வந்துவிட்டார். அரை முகத்தில் நுரை காய்ந்திருந்தது, காதடியில் ரத்தம், தோளில் துண்டு. அமலதாஸ் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான், தட்டைத் தொட்டிருக்கவில்லை. முன்னால் ஒரு கறுப்பு ஃபிலிம் டப்பா, அந்தக் காலத்துக் கேமரா ஃபிலிம் வருமே அது. உள்ளங்கையில் ஒரு காசை வைத்துக்கொண்டு நகத்தால் தட்டித் தடவிக்கொண்டிருந்தான். டக், டக்.

“யாரு, பாண்டியாவா? பதறாம முடிச்சிட்டு வாய்யா. நான்தான் சீக்கிரம் வந்துட்டேன். மக ஆட்டோல எறக்கிவிட்டுட்டுப் போனா. பஸ் நம்பர் தெரிய மாட்டேங்குது எனக்கு. சீனி கண்ணுக்கு ஏறிருச்சாம். ரெண்டும் போகுமாம், வைத்தியத்துக்கு நிக்காதாம். இப்பத்தான் தங்கச்சிகிட்டச் சொன்னேன், அய்யய்யோங்கிறா.”

சௌந்தரபாண்டியன் நின்றபடியே இருந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஜன்னலில் மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றது அதனால்தானா?

“மத்ததெல்லாம் அப்புறம் கொண்டாறேன், என்கிட்ட இருக்குறது பூராம் உனக்குத்தான். பாக்க முடியாதவன் வச்சு என்ன பண்றது? இது ஒண்ணைத்தான் முதல்ல காட்டணும்னு வந்தேன். அழகன்குளத்துக் காசு, ஞாபகம் இருக்கா? நீ வழுக்கைய எடுத்துக்கிட்ட, எனக்கு முகம் வந்துச்சு.” அமலதாஸ் உள்ளங்கையை நீட்டினான். “பாத்துச் சொல்லு, இதுல முகம் இருக்கா?”

தேய்ந்துபோன வழுக்கைக் காசு. “ஏன் கேக்குற?” என்றார் சௌந்தரபாண்டியன்.

“கரையில வெயில்ல வச்சுப் பாத்தேன்ல, முத்து பதினொண்ணு எண்ணுனேன். வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியல. மொழுக்குன்னு இருக்கு. சரி, கண்ணு கெட்டுப்போச்சுன்னு மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். அந்த வருஷம்தானய்யா கண்ணாடி போட்டேன், நீகூட நாலு கண்ணன்னு கேலி பண்ணுவ. கண்ணாடி போட்டும் தெரியல. அன்னிலேருந்து கண்ணு மேல எனக்கு நம்பிக்கையே இல்ல. எதப் பாத்தாலும் இது நெசமா இருக்கா, எனக்கு மட்டும் தெரியுதான்னு ஒரு சந்தேகம். ஆபீஸ்ல விலாசத்த ரெண்டு ரெண்டு தடவ படிப்பேன். இப்ப மொத்தமாப் போறதுக்குள்ள நீ ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டா நல்லது.”

இருபத்து மூன்று வருடத்தில் பரமக்குடி ஒரு தடவைகூட இவன் நினைப்பில் வரவில்லை. சந்தேகப்பட வேண்டும் என்று வந்தபோது தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறான். இருக்கிறது, நல்ல முகம் என்று சொல்லிவிட்டால் போதும், சந்தோஷமாக எழுந்து போவான், இனிமேல் எந்தக் காலத்திலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை. இந்த எண்ணமும் வந்தது, வராமல் இல்லை. சௌந்தரபாண்டியனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் வரிசை ஐந்தாம் குழியிலிருந்து காசை எடுத்தார். வழுக்கையை எடுத்துவிட்டு அந்த உள்ளங்கையில் இதை வைத்தார்.

“நகத்தால தடவிப் பாரு.”

அமலதாஸ் தடவினான். மூக்கில் நகம் நின்றது. காதுக்கு வந்தது. மேலே ஏறி முத்துப் பட்டையில் ஒவ்வொன்றாக நகர்ந்தது, உதடு அசைந்தது, எண்ணுகிறான். பதினொன்றில் நின்றான். தலையைத் தூக்கினான்.

“இது எங்கய்யா இருந்துச்சு?”

“எங்கிட்டதான். நீ டீ வாங்கப் போனப்ப மாத்திட்டேன். பரமக்குடியில.”

அறை வாசலில் வடிவு, அவருக்குக் கொண்டுவந்த காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அமலதாஸ் காசை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றினான், வேட்டி நுனியால் துடைத்தான், போட்டுக்கொள்ளாமல் மேசையில் வைத்தான்.

“அப்ப, என் கண்ணு அன்னிக்கு நல்லாத்தான் இருந்திருக்கு” என்றான்.